கட்டைவிரலின் எடை

மார்ச் 4

அக்காவுக்கு,

இதை உங்கள் வீட்டு முகவரிக்குத்தான் அனுப்புகிறேன். பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினால் உங்கள் மாணவர்கள் யாராவது பிரித்துப் படிப்பார்கள். தயவுசெய்து போன் பண்ண வேண்டாம். போனில் நான் கத்துவேன், நீங்கள் பேசாமல் இருப்பீர்கள், கடைசியில் கத்தினவன்தான் தப்பு செய்தவன் என்று ஆகிவிடும். நம் வீட்டு வழக்கம் அது.

ரோபோ போட்டி அரையிறுதியில் என் பெண் சில்லு ஓட்டிய ரோபோ நடுக்களத்தில் நின்றுபோனதை நானும் மேலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரணி ரோபோ வந்து எங்கள் பக்கத்துப் பந்துகளை அள்ளிக்கொண்டு போனது. எங்களுடையது பார்த்துக்கொண்டு நின்றது. சிக்னல் போய்விட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். முறையிட்டோம். போட்டி முழுவதற்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியைச் செய்து கொடுத்தவர் நீங்கள். பழுது உண்டா என்று பார்த்துச் சொல்கிறவரும் நீங்கள். இதில் யாரிடம் போய் நியாயம் கேட்பது என்று தெரியவில்லை.

உங்கள் அறிக்கை முந்தாநாள் வந்தது. பயிற்சியாளர் அதை ஷெட்டில் அணி முழுவதையும் நிற்கவைத்து வாய்விட்டு வாசித்தார். "பாக்கெட்டுகள் உரிய நேரத்தில் வந்து சேர்ந்துள்ளன. கட்டுப்பாட்டில் பழுதில்லை. ஓட்டுநர் கருவியிலிருந்து கையை எடுத்துவிட்டார்."

"நான் கையை எடுக்கல" என்றாள் என் பெண். அணித்தலைவி சிரித்துக்கொண்டே, "அப்போ உங்க அத்தை பொய் சொல்றாங்களா?" என்று கேட்டாளாம். சில்லு பையை எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்துவிட்டாள். ஷெட்டுப் பக்கம் போகவில்லை. அங்கே இப்போது அவளுக்குப் பெயர் 'சிலை'.

நான் ஊரார் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி விற்கிறவன். எனக்குப் பாக்கெட்டும் தெரியாது, பதிவும் தெரியாது. ஆனால் தாயில்லாமல் வளர்த்த பெண்ணின் முகம் தெரியும். அவள் பொய் சொல்லவில்லை. எனக்குக் கோப்பை வேண்டாம், மறு ஆட்டம் வேண்டாம். மறுபடி பார்த்து, அவள் சொன்னது உண்மை என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். அது போதும்.

உங்கள் தம்பி

மார்ச் 9

தம்பிக்கு,

எனக்கு 'நீங்கள்' போட்டு எழுதியிருக்கிறாய். கோபம் வந்தால்தான் உனக்கு மரியாதை வரும். சரி.

அறிக்கையை எல்லார் முன்னாலும் வாசிப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. அது அசிங்கமான காரியம். பயிற்சியாளருக்கு எழுதுகிறேன். ஆனால் அறிக்கையில் உள்ளதை மாற்றுவது வேறு விஷயம்.

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். ஓட்டுகிறவரின் கையில் இருக்கும் கருவி நொடிக்கு ஐம்பது முறை ரோபோவுக்கு ஒரு சிறு செய்தி அனுப்புகிறது. 'இடப்பக்கம் திரும்பு, இவ்வளவு வேகம்' என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இருக்காது. அதுதான் பாக்கெட். ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு. அரங்கில் எல்லார் கையிலும் போன் இருப்பதால் ஒன்றிரண்டு வழியில் தொலையும். அதனால் பாதகமில்லை. தொடர்ந்து கால் நொடி ஒன்றுமே வராவிட்டால் மட்டும், ஓட்டுகிறவர் இல்லை என்று முடிவுகட்டிப் பெட்டி ரோபோவை நிறுத்திவிடும்.

உங்கள் ரோபோ ஒன்பது நொடி நின்றது. அந்த நேரத்தில் தொலைந்த பாக்கெட்டுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மற்றவை எல்லாம் நேரத்துக்கு வந்திருக்கின்றன. வந்தும் ரோபோ நகரவில்லை என்றால், நகரச் சொல்லும் கட்டளை அவற்றில் இல்லை. கட்டளை இல்லை என்றால் கை இல்லை. நான் வேறு எதை எழுத முடியும்?

பதினேழு வயதில், அத்தனை கூட்டத்தின் நடுவே, பதறிப்போய்க் கையை எடுப்பது ஒன்றும் கொலைக்குற்றம் இல்லை. ஒப்புக்கொள்ளச் சொல். நாலு நாளில் மறந்துவிடுவார்கள். அத்தை என்பதற்காக ஒரு வரி, அத்தை இல்லை என்பதற்காக ஒரு வரி என்று எழுதினால், நாளைக்கு என் வரியை யார் நம்புவார்கள்? நீயே நம்ப மாட்டாய்.

சில்லு சாப்பிடுகிறாளா?

அக்கா

மார்ச் 14

அக்காவுக்கு,

சாப்பிடுகிறாள். ஒப்புக்கொள்ளத்தான் மாட்டேன் என்கிறாள்.

உங்கள் கடிதத்தை அவளிடமே கொடுத்தேன். முழுவதும் படித்தாள். "அத்தை எழுதினா வேதவாக்கா?" என்றாள். அப்புறம் ஒன்று சொன்னாள், அது எனக்கு விளங்கவில்லை. அப்படியே எழுதுகிறேன். "எல்லாரும் ரோபோ நின்னுச்சு நின்னுச்சுங்கிறாங்க. எனக்கு அது நின்ன ஞாபகமே இல்லப்பா. நான் திருப்பிட்டே இருந்தேன். அந்த இன்னொரு ரோபோதான் திடீர்னு வேற எடத்துல இருந்துச்சு."

"ஏம்மா, அது என்ன மந்திரமா?" என்று கேட்டுவிட்டேன். அவளும் விடவில்லை. "ஆமா, உன் அக்காவோட மந்திரம். போய்க் கேளு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நேற்று அந்த அணித்தலைவி கண்ணாடி மாற்ற என் கடைக்கே வந்தாள். நாற்காலியில் உட்காரவைத்து, "எந்த வரி வரைக்கும் தெரியுது?" என்று கேட்டேன். "கடைசி வரி வரைக்கும் தெரியுது அங்கிள். செமிஃபைனல்ல சிலை நின்னதும் நல்லாவே தெரிஞ்சுது" என்றாள். தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே. பல்லைக் கடித்துக்கொண்டு சரியான லென்ஸையே கொடுத்து அனுப்பினேன்.

வீட்டில் இவளுடைய கோபம் ஒரு தினுசாக இருக்கிறது. பேசிக்கொண்டே இருப்பாள், பாதியில் நிறுத்திச் சுவரைப் பார்ப்பாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். கொஞ்சம் பொறுத்து, "என்னப்பா, கூப்பிட்டியா?" என்பாள், ஒன்றும் நடக்காத மாதிரி. முந்தாநாள் எனக்குத் தேநீர் ஊற்றினாள். கோப்பை நிரம்பி, தட்டு நிரம்பி, மேஜையெல்லாம் ஓடியது. வேண்டுமென்றே செய்கிறாள் என்று நானும் திட்டிவிட்டேன். திட்டினதும் அழுதாள்.

மனசு மாறட்டும் என்று பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கியிருக்கிறேன். அடுத்த மாதம் பதினெட்டு ஆகிறது, உரிமம் எடுக்கலாம். இப்போதைக்கு மைதானத்தில் பழகுகிறாள். அதில் உட்காரும்போது மட்டும்தான் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம்.

உங்களிடம் இனிமேல் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை.

தம்பி

மார்ச் 18

தம்பி,

ஸ்கூட்டர் சாவியை வாங்கி உன்னிடம் வைத்துக்கொள். மீதியைப் பிறகு படி.

நேற்றிலிருந்து உனக்குப் போன் பண்ணிக்கொண்டிருக்கிறேன். கடைக்கும் அடித்தேன். உன் கடைப் பெண், "சார் உங்க நம்பர் வந்தா எடுக்க வேணாம்னுட்டார் மேடம், நான் எடுத்ததே தப்பு" என்றாள். "நான் சொன்னேன்னு சொல்லாதே, ஸ்கூட்டர் சாவியை எடுத்து ஒளிச்சு வை, கேட்டா தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லு" என்று கெஞ்சினேன். நான் கெஞ்சி அவள் கேட்டதில்லை போலிருக்கிறது. சரி என்றாள். எடுத்தாளா என்று தெரியாது. அதனால்தான் இது கூரியரில் வருகிறது.

சில்லு சொன்னதாக நீ எழுதிய இரண்டு வரிகள் என்னை உட்காரவிடவில்லை. ரோபோ நின்றது தெரியவில்லை, எதிர் ரோபோ திடீரென்று வேறு இடத்தில் இருந்தது என்கிறாள். பொய் சொல்கிறவர்கள் இப்படி ஒரு பொய்யைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். பயனே இல்லாத பொய் அது.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. பாக்கெட் வந்ததா, எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை தாமதம் என்றுதான் பார்ப்போம். உறையின் மேல் இருக்கும் முத்திரையைப் பார்த்துவிட்டு உறையைப் பிரிக்காமல் அடுக்குவது மாதிரி. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது எங்களுக்கு முக்கியமில்லை. சில்லுவின் ஒன்பது நொடியை நேற்றுத்தான் பிரித்தேன்.

கை இல்லாவிட்டால், கருவியின் குமிழை உள்ளே இருக்கும் வில் நடுவுக்கு இழுத்துவிடும். எண் பூஜ்யத்தில் அசையாமல் நிற்கும். அவளுடைய எண்கள் பூஜ்யத்தில் இல்லை. மிகக் கொஞ்சம், ஒரு கட்டைவிரலின் எடை அளவுக்குச் சாய்ந்திருக்கின்றன. கை நடுங்கினால் ரோபோ ஆடக்கூடாது என்று, நடுவை ஒட்டிய சிறு சாய்வுகளைப் பெட்டி பொருட்படுத்தாதபடி நான்தான் வைத்தேன். அதனால் ரோபோ நின்றது. கை அங்கேயே இருந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

அந்த விரல் சும்மாவும் இல்லை. நொடிக்கு மூன்று முறை, கடிகாரம் மாதிரி சீராகத் துடித்திருக்கிறது. பயந்த கை இவ்வளவு ஒழுங்காக நடுங்காது. ஒன்பது நொடி கழிந்ததும், விட்ட இடத்திலிருந்து அதே இடப்பக்கத் திருப்பத்தைத் தொடர்கிறாள். எதிர் ரோபோ அங்கிருந்து போய் எவ்வளவோ நேரமாகிவிட்டது. அவளுக்கு மட்டும் நடுவில் நேரமே ஓடவில்லை. காலிறுதிப் பதிவையும் பிரித்துப் பார்த்தேன். அதிலும் இப்படி ஓர் இடைவெளி இருக்கிறது. சிறியது என்பதால் யார் கண்ணிலும் படவில்லை.

யாருடையது என்று சொல்லாமல் இங்கே ஒரு நரம்பியல் மருத்துவரிடம் காட்டினேன். "ரோபோவை விடுங்க மேடம், ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்றார். கீழே விழாமல், வாய் கோணாமல், கண் திறந்தபடியே சில நொடிகள் நினைவு அறுந்துபோகிற ஒரு வகை வலிப்பு உண்டாம். பாதிப் பேச்சில் நிற்பது, கூப்பிட்டால் கேட்காதது, வழியவழிய ஊற்றுவது, எல்லாவற்றையும் நான் சொல்வதற்கு முன்னால் அவரே கேட்டார்.

நான் மருத்துவர் இல்லை. இது தவறாக இருக்கலாம். தவறாக இருந்தால் வந்து என்னை நேரில் திட்டு. இந்த வாரமே அவளைக் கூட்டிக்கொண்டு போ. அவள் அம்மா வீட்டில் யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்பார்கள். யோசித்து வை.

அக்கா

மார்ச் 29

அக்கா,

சில்லு கடைக்கு வந்தபோது கடைப் பெண் சாவியை எடுத்து ஒளித்துவிட்டாள். கேட்டதற்கு நீ சொன்ன பொய்யையே சொன்னாள். சில்லு இரண்டு நாள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டித் தேடினாள்.

பரிசோதனை முடிந்தது. தலை முழுவதும் ஒயர் ஒட்டி உட்காரவைத்து, கையில் ஒரு காகிதக் காத்தாடியைக் கொடுத்தார்கள். வேகமாக ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். "அப்பா, என்னைச் சின்னப் பாப்பான்னு நினைச்சுட்டாங்க" என்று சிரித்துவிட்டு ஊத ஆரம்பித்தாள். சர்ரென்று சுற்றியது. நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். அப்புறம் காத்தாடி மெதுவாகி நின்றது. அவள் கையில்தான் இருந்தது. கண் திறந்திருந்தது. இமை மட்டும் லேசாக அடித்துக்கொண்டது. "சில்லு" என்றேன். அக்கா, உடம்பு மட்டும்தான் அங்கே இருந்தது. நான் இருபது வருடமாக ஊரார் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்க்கிறவன். அப்படி ஒரு கண்ணைப் பார்த்ததில்லை. இல்லை, பார்த்திருக்கிறேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

காத்தாடி மறுபடி சுற்றியது. "ஏன் எல்லாரும் என்னையே பார்க்கிறீங்க?" என்றாள்.

பதற்றத்தில் மூச்சு வாங்கும்போது இது சீக்கிரம் வருமாம். ஆட்டத்தில் அதுதான் நடந்திருக்கும் என்றார் டாக்டர். மாத்திரை ஆரம்பித்தாயிற்று. பலருக்குக் கட்டுப்படும் என்கிறார். பிறகு, நீ சொன்ன மாதிரியே, அம்மாவைப் பற்றிக் கேட்டார்.

அவளும் பேச்சு நடுவில் நின்றுவிடுவாள். "மேடம் எங்க போயிட்டு வர்றீங்க?" என்று கிண்டல் பண்ணுவேன். "எங்கயும் போகலியே" என்பாள், நிஜமாகவே புரியாமல். அவள் போன அன்று காலை நாங்கள் சண்டை போட்டிருந்தோம். சாப்பிடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். வளைவில் திரும்பாமல் நேராகப் போய்ப் பாலத்துச் சுவரில் மோதினாள். பிரேக் பிடித்த தடமே இல்லை என்றார்கள். எதிரே வந்த லாரிக்காரர், "கண்ணைத் திறந்துகிட்டே வந்தாங்க சார்" என்றார். உன்னிடம்கூட நான் சொன்னதில்லை. என் மேல் உள்ள கோபத்தில், வேண்டுமென்றேதான் போனாள் என்று ஒன்பது வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறேன். பெண்ணைக்கூட நினைக்காமல் போனாளே என்று அவளை மனசுக்குள் திட்டாத நாள் கிடையாது.

இப்போது ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. பாக்கெட் தொலைந்துபோயிற்று, பெட்டியில்தான் பழுது என்று எழுதிவிடு. பெட்டிக்கு மானம் போகாது. பெண்பிள்ளைக்கு வலிப்பு என்று ஊர் முழுக்கத் தெரிந்தால் அப்புறம் அவளை யார் என்னவென்று பார்ப்பார்கள்? உனக்குத் தெரியாததா?

தம்பி

ஏப்ரல் 3

தம்பிக்கு,

உன் கடிதத்தை வகுப்புக்குப் போகும் முன் படித்தேன். வகுப்புக்குப் போகவில்லை.

உன் மனைவியைப் பற்றி முதலில். அவளுக்கும் இதுதான் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தச் சாலையில் எந்தப் பதிவும் இல்லை. எதையும் சந்தேகப்படுவது என் தொழில், இதையும் சந்தேகப்படுகிறேன். ஆனால் நீ ஒன்பது வருடமாக நம்பியதற்கு மட்டும் என்ன ஆதாரம் இருந்தது? ஒரு சண்டை, சாப்பிடாமல் போனது, ஒரு லாரிக்காரரின் பேச்சு. கட்டளை இல்லை என்றால் கை இல்லை என்று நான் எழுதினேனே, அதே கணக்குத்தான் நீயும் போட்டிருக்கிறாய். நான் போட்டது ஒரு வாரத்தில் உடைந்தது.

பெட்டியில் பழுது என்று எழுத மாட்டேன். மானத்துக்காக இல்லை. அப்படி எழுதினால், கால் நொடி போதாது, இன்னும் நீட்டுங்கள் என்று எல்லா அணிகளும் கேட்கும். நீட்ட வேண்டி வரும். சிக்னல் அறுந்த பிறகும் ரோபோ ஓடும். அதன் முன்னால் ஏதோ ஒரு பிள்ளையின் விரல் இருக்கும். உன் பெண்ணைக் காப்பாற்ற அந்தப் பிள்ளையைக் கொடுக்கச் சொல்லாதே.

திருத்திய அறிக்கையை இத்துடன் வைத்திருக்கிறேன். இதில் உள்ளது இவ்வளவுதான்: "முந்தைய அறிக்கையின் கடைசி வரி தவறு. பாக்கெட்டின் உள்ளடக்கத்தைப் பார்க்காமல் எழுதப்பட்டது. ஓட்டுநரின் விரல் முழு நேரமும் கருவியின் மேல் இருந்தது. ரோபோ நின்றது அவருடைய கவனக்குறைவால் அல்ல." ஏன் நின்றது என்று எழுதவில்லை. அது என்னுடைய செய்தி இல்லை, உன்னுடையதும் இல்லை. சில்லுவிடம் காட்டு. அவள் வேண்டாம் என்றால் கிழித்துப் போடு. அனுப்பச் சொன்னால் மட்டும் அனுப்புகிறேன்.

ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாததா என்று கேட்டாயே, தெரியும்.

அக்கா

ஏப்ரல் 16

அக்கா,

அனுப்பச் சொன்னாள். அனுப்பினாய். நேற்று பயிற்சியாளர் மறுபடி எல்லாரையும் நிற்கவைத்து வாசித்தார். இந்தத் தடவை நானும் போயிருந்தேன். குரல் கொஞ்சம் கம்மியாகத்தான் வந்தது அவருக்கு.

"அப்போ ஏன் சார் நின்னுச்சு?" என்று யாரோ கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சில்லுதான் எழுந்து நின்றாள். "எனக்கு ஒரு வகை வலிப்பு இருக்கு. கொஞ்ச நேரம் இருக்க மாட்டேன், அப்புறம் வந்துடுவேன். அப்ப அதுதான் வந்திருக்கு. நான் கையை எடுக்கலன்னு சொன்னேன்ல, அது நிஜம். ஆனா அது நிஜம்னு எனக்கே தெரியாது. தெரியாமதான் சொல்லியிருக்கேன்" என்றாள். அணித்தலைவி வந்து, "சாரிடி" என்றாள். "பரவால்ல, உன் புதுக் கண்ணாடி நல்லாருக்கு" என்றாள் இவள்.

ஓட்டுநர் இடத்திலிருந்து அவளாகவே விலகிக்கொண்டாள். மாத்திரை பிடிக்கிற வரைக்கும் என்று பயிற்சியாளர் சொன்னார். தலையை ஆட்டினாள். கருவியைத் துடைத்து அடுத்த பெண்ணிடம் கொடுத்தாள்.

அவள் சொன்னது உண்மை என்று ஒரு வரி வேண்டும் என்று உன்னிடம் கேட்டேன். கிடைத்துவிட்டது. ஆனால் இப்போது அவளுக்கு அவள் பேச்சின் மேலேயே நம்பிக்கை இல்லை. எதைச் சொன்னாலும் பாதியில் நிறுத்தி என் முகத்தைப் பார்க்கிறாள். "அப்பா, இப்ப நான் இருந்தேனா?" என்று கேட்கிறாள். "இருந்தேம்மா" என்கிறேன். நாளில் எத்தனை தடவை என்று கணக்கில்லை. சாப்பிடும்போது, படி இறங்கும்போது, படம் பார்க்கும்போது.

இன்று காலை அவள் அம்மாவைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தேன். சண்டை, வண்டி, வளைவு, நான் நினைத்துக்கொண்டிருந்தது எல்லாவற்றையும் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டே சொல்லி முடித்து நிமிர்ந்தால், அவள் இல்லை. எந்த வார்த்தையில் போனாள் என்று தெரியவில்லை. இமை அடித்துக்கொண்டிருந்தது. வந்ததும், "நான் இருந்தேனா?" என்று கேட்டாள்.

"இருந்தே" என்று சொல்லிவிட்டேன். மறுபடி முதலிலிருந்து சொல்ல எனக்குத் தெம்பில்லை அக்கா.

தம்பி

ஏப்ரல் 20

தம்பிக்கு,

உன் கடிதத்துக்கு நான்கு பதில் எழுதிக் கிழித்தேன். நீ செய்தது தப்பு என்று ஒன்றில், தப்பில்லை என்று இன்னொன்றில்.

எங்கள் பெட்டி தொலைந்த பாக்கெட்டைத் திருப்பிக் கேட்காது. கேட்டு வாங்குவது சுலபம்தான், ஆனால் வேண்டாம் என்றுதான் வைத்திருக்கிறோம். 'இடப்பக்கம் திரும்பு' என்பது நேரம் தவறி வந்தால், வராமலே இருப்பதைவிட மோசம். அதனால் போனது போகட்டும் என்று அடுத்ததைப் பார்க்கும். இருபது வருடம் இதையே செய்து, மனிதர்களுக்கும் இதுதான் சரி என்று நான் நினைத்துப் பழகிவிட்டேன். உன் மனைவி போனபோதும் உன்னிடம் எதையும் திருப்பிக் கேட்டதில்லை. போனது போகட்டும் என்று விட்டேன்.

சில்லு ரோபோ இல்லை. அவள் கேட்கும்போது, அவள் இருக்கவில்லை என்றால் 'இல்லை' என்றே சொல். அதோடு நிறுத்தாதே, அந்த நேரத்தில் என்ன நடந்தது என்பதையும் சொல். தெருவில் யார் போனார்கள், அடுப்பில் என்ன பொங்கியது, நீ எந்த வார்த்தையில் இருந்தாய் என்று. தாமதமாக வந்தாலும் அவளுக்கு அது வேண்டும். அவளுடைய நேரம் அது. நீதான் வைத்திருக்கிறாய்.

சனிக்கிழமை காலை வண்டிக்கு வருகிறேன். நிலையத்துக்கு வர வேண்டாம். எனக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். இதைப் படித்து முடித்ததும் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "அன்னைக்குக் காலைல நீ இல்லம்மா" என்று ஆரம்பி. எந்த இடத்தில் போனாள் என்று தெரியாதல்லவா, அதனால் சண்டையிலிருந்தே சொல். இந்தத் தடவை தலையைக் குனியாதே. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல். இமை அடித்தால் நிறுத்து. வந்ததும் தொடரு.

அக்கா